கப்பலும் முத்தும்: எல்லைப்புறத்துச் சூபியமும் இஸ்லாமிய இறையியலும்

சூபிகளைப் பற்றித் தமிழில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு அணியாக நிற்கிறார்கள். ஒரு அணியினர், "தர்கா, கந்தூரி, பாட்டு இதெல்லாம் மார்க்கத்திலே இல்லாததுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மற்ற அணியினர் பாராட்டுகிறவர்கள். "சூபிகள் மதத்தையெல்லாம் தாண்டியவங்க, அவங்களுக்குச் சட்டமும் கிடையாது, சடங்கும் கிடையாது" என்பார்கள். பார்வைக்கு இவை எதிரெதிர்க் கருத்துகள். ஆனால் ஓரிடத்தில் இரண்டு அணியும் கைகோத்துக் கொள்கின்றன. சூபியம் என்பது இஸ்லாமிய இறையியலுக்கு வெளியே நிற்கும் சரக்கு என்பதில் இருவருக்கும் ஐயமே இல்லை. வெளியே நிற்பதால் தள்ளு என்கிறது ஒன்று. வெளியே நிற்பதால் கொண்டாடு என்கிறது மற்றொன்று.

அந்த உடன்பாட்டைத்தான் இக்கட்டுரையில் நான் மறுக்க விரும்புகிறேன். இதற்குப் பாக்தாதுக்கும் டமாஸ்கஸுக்கும் போக வேண்டியதில்லை என்றாலும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். உண்மையான சான்றுகள் நம்ம வீட்டு வாசலிலேயே, தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் மலையோரத்தில் கிடக்கின்றன. ஒன்று, பீர்மேடு என்கிற ஊர்ப்பெயருக்குப் பின்னால் நிற்கும் தமிழ்ச் சூபிக் கவிஞர். மற்றொன்று, பாலக்காட்டு இராவுத்தர்களின் ஒரு சிற்றூரை வைத்து எழுதப்பட்ட மலையாள நாவல்.

இரண்டு மலைவாசல்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழர் காலங்காலமாகக் கடந்து போன வாசல்களில் இரண்டு இங்கே நமக்கு முக்கியமானவை. கோவைப் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி ஏறிப் பீர்மேட்டுக்குப் போகும் பாதை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இந்த இரண்டு வாசல்களிலும் கோடு விழுந்தது. அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்துக்குப் போயிற்று. திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழர்களின் கோரிக்கையை மீறிக் கேரளத்திலேயே நின்றன. பின்னர் 1972-இல் உருவான இடுக்கி மாவட்டத்தில் சேர்ந்தன. அதே திருவிதாங்கூரின் தெற்கு வட்டங்களான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்துக்கு வந்தன.

இந்த இரு மாவட்டங்களிலும் இராவுத்தர்கள் வாழ்கிறார்கள். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். பெரும்பாலும் ஹனபி மத்ஹபினர். சுற்றியுள்ள மாப்பிளை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபி மத்ஹபினர். இராவுத்தர் என்றால் குதிரை வீரர் என்று பொருள். மயிலேறும் முருகனையே அருணகிரிநாதர் அச்சொல்லால் அழைத்திருக்கிறார். இந்தக் குதிரையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கிழட்டுக் குதிரையாக அது திரும்பி வரும்.

சண்டை எதைப் பற்றி?

இஸ்லாமிய இறையியலுக்குக் 'கலாம்' என்று பெயர். இறைவன் ஒருவன், அவனுக்கு ஒப்பானது எதுவுமில்லை, அவனுடைய பண்புகளை எப்படிப் புரிந்துகொள்வது, மனிதன் செய்யும் செயலில் அவனுடைய பங்கு என்ன என்பன அதன் கேள்விகள். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஷ்அரீ, மாதுரீதி என்ற இரு இமாம்களின் பெயரால் வழங்கும் இரண்டு பள்ளிகள் சுன்னி உலகில் நிலைத்தன. ஷாபிகள் பெரும்பாலும் முன்னவரையும், ஹனபிகள் பெரும்பாலும் பின்னவரையும் பின்பற்றினர்.

சூபிகள் இந்தக் கேள்விகளை மறுக்கவில்லை. 'அறிந்தால் போதுமா, சுவைக்க வேண்டாமா?' என்று கேட்டார்கள். தேன் இனிக்கும் என்று நூலில் படிப்பதற்கும் நாக்கில் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் சுவைத்தவர் திரும்பி வந்து பேசத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. 'உண்மையில் இருப்பது அவன் ஒருவனே' என்று சூபி சொன்னால், இறையியலார் உடனே கேட்பார்: "எல்லாம் அவனே என்றால் கட்டளையிடுவது யார், பணிவது யார்? தொழுகை யாருக்கு?" ஆண்டவன்–அடியான் என்கிற வேறுபாடு கரைந்தால் மார்க்கச் சட்டம் நிற்பதற்கே இடமில்லாமல் போய்விடும். வறட்டுப் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இது உண்மையான கேள்வி.

இதற்குச் சூபிகள் தரப்பிலிருந்தே விடைகள் வந்தன. இப்னு அரபி (1165–1240) வழியில் வந்தவர்கள் இருப்பின் ஒருமையைப் பேசினார்கள். நம் நாட்டில் அஹ்மது சிர்ஹிந்தி (1564–1624) அதைத் திருத்தினார். ஒருமை காட்சியில்தான், இருப்பில் அல்ல என்றார். சூரியன் வந்த பிறகு விண்மீன் தெரிவதில்லை. அதனால் விண்மீனே இல்லை என்றாகுமா என்பது அவர் காட்டும் உவமை. கவனியுங்கள், சிர்ஹிந்தி சூபியத்துக்கு வெளியில் நின்று பேசிய எதிரி அல்லர். நக்ஷபந்தி வழியின் பெரிய ஷெய்கு. அவருக்கும் முன்னால் குஷைரீ (இறப்பு 1072) அஷ்அரீ இறையியலாராக இருந்துகொண்டே சூபியத்தின் முதன்மையான கையேடு ஒன்றை எழுதினார். 1095-இல் பாக்தாதின் பேராசிரியர் பதவியைத் துறந்துவிட்டுப் போன கஸ்ஸாலீ, சூபிகளின் வழியைத் தேர்ந்த பின்னும் கலாமைக் கைவிடவில்லை. சூபிகளின் பல வழக்கங்களைக் கடுமையாகச் சாடியவரென்று இன்று எல்லாரும் மேற்கோள் காட்டும் இப்னு தைமிய்யாகூட (1263–1328), அப்துல் காதிர் ஜீலானியின் நூலொன்றின் பகுதிகளுக்கு உரை எழுதியவர்தான்.

ஹல்லாஜ் 922-இல் கொல்லப்பட்டது உண்மை. ஆனால் அந்த ஒரு தூக்குமரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டு உறவையும் பகை என்று எழுதிவிடுவது, ஒரு விவாகரத்தைப் பார்த்துவிட்டு ஊரில் யாருக்குமே குடும்பம் இல்லை என்று சொல்வதைப் போன்றது.

ஆறு போய்ச் சேரும் ஊர்

இந்த உறவின் கேரள வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் பாலக்காட்டு வழியே ஓடும் பாரதப்புழையைப் பின்தொடர வேண்டும். ஆனைமலைப் பக்கம் தமிழ் மண்ணில் பிறந்து, பாலக்காட்டைக் கடந்து, அந்த ஆறு கடலில் கலக்கும் ஊர் பொன்னானி. அங்கே 1522-இல் மறைந்த முதலாம் ஸைனுத்தீன் மக்தூம் ஒரே நேரத்தில் மார்க்கச் சட்ட அறிஞர், பள்ளியில் பாடம் சொன்ன ஆசிரியர், சூபி. சூபி வழியைப் பற்றி அவர் அரபியில் யாத்த ஹிதாயத்துல் அத்கியா என்ற நூல் கடல் கடந்தது; ஜாவாவின் பான்டனில் பிறந்து மக்காவில் வாழ்ந்த நவவீ என்ற அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்கு உரை எழுதினார்.

சூபிகளிடையே வழங்கிய ஓர் உவமையை மக்தூம் தம் நூலில் எடுத்தாள்கிறார். ஷரீஅத் கப்பல், தரீக்கத் கடல், ஹகீக்கத் முத்து. முத்துதான் குறிக்கோள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கப்பலில்லாமல் கடலுக்குள் போகிறவன் முத்தோடு திரும்புவதில்லை. அதேபோல, கப்பலைத் துறைமுகத்திலேயே கட்டிப்போட்டுத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பவனுக்கும் முத்து கிடையாது. இரண்டு அணிக்கும் ஒரே உவமையில் பதில் இருக்கிறது.

அண்மைக் காலத்துக் கேரளமும் இதையே காட்டுகிறது. 1922-இல் தோன்றிய ஐக்கிய சங்கத்தின் சீர்திருத்தப் பேச்சுக்கு எதிராக 1926-இல் சமஸ்த கேரள ஜம்இய்யத்துல் உலமா உருவானது. அதன் ஆலிம்கள் தர்காக்களை ஆதரித்தார்கள். எதை வைத்து ஆதரித்தார்கள்? பழைய கலாம், பிக்ஹு நூல்களை வைத்து. அதே அமைப்பு சில தரீக்காக்களை ஏற்க முடியாது என்று விலக்கியும் வைத்தது. சூபியம் இறையியலுக்கு வெளியே இருந்திருந்தால் இந்த ஆதரவும் நடந்திருக்காது, இந்த விலக்கலும் நடந்திருக்காது.

பீர்மேட்டின் பீர்

இனி மலையேறலாம். 'பீர்' பாரசீகச் சொல். வழிகாட்டும் பெரியவர் என்று பொருள். 'மேடு' நம்ம தமிழ். பீர் முகம்மது என்ற சூபி இங்கே தங்கியதால் வந்த பெயர் என்பது வழிவழிச் செய்தி. சுற்றுலாக் கையேடுகள் அவருடைய அடக்கத்தலமும் இந்த மலையில்தான் என்று எழுதுகின்றன. தக்கலை மரபோ, தென்காசியில் பிறந்த பீர் முகம்மது அப்பா இம்மலைக் காட்டில் தவமிருந்த பின் தக்கலைக்கு வந்து, தறி நெய்து வாழ்ந்து, அங்கேயே அடங்கினார் என்கிறது. ஒரு இறைநேசருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நினைவுத்தலம் இருப்பது புதிதல்ல. நாம் அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது வேறு. தக்கலை இருப்பது கல்குளம் வட்டத்தில். ஆக, 1956-க்குப் பிறகு தவமிருந்த மலை கேரளத்தில், தமிழ்ப்பாட்டு ஒலிக்கும் தர்கா தமிழ்நாட்டில். பெயர் ஒரு மாநிலத்துக்கு, நூல் இன்னொரு மாநிலத்துக்கு என்று பாகப்பிரிவினை ஆகிவிட்டது.

ரஜபு மாதத்து ஆண்டு விழா இரவில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை மக்கள் கூடி உட்கார்ந்து இரவு முழுக்கப் பாடுகிறார்கள். ஞானப்பால், ஞானப்பூட்டு, ஞானமணிமாலை, ஞானரத்தினக் குறவஞ்சி என்று அவர் பெயரால் நூல்கள் பல. தமிழ்த் திறனாய்வில் இவரை 'இஸ்லாமியச் சித்தர்' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. அன்போடு சொல்வதுதான். சித்தர்களின் சொல்லாட்சியும் சந்தமும் இவரிடம் இருப்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் பட்டத்தோடு நின்றுவிட்டால் பாதியைத்தான் படித்தவர்களாவோம். அவர் பாடல்களில் வரும் அரபுச் சொற்களையும் அரபு எழுத்துகளின் பெயர்களையும் 'அது ஏதோ மதச்சொல்' என்று தாண்டிப் போகிறோம். அவை அலங்காரமல்ல, ஒவ்வொன்றும் இறையியலின் ஒரு வாதத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முடிச்சு.

குறவஞ்சியையே எடுத்துக்கொள்வோம். சிங்கனும் சிங்கியும் கேள்வி கேட்டு விடை சொல்லும் அமைப்பு அது. நாட்டார் வடிவம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் தமிழ் இஸ்லாமிய இலக்கியத்தில் கேள்வி–விடைக்கு வேறொரு மரபும் இருக்கிறது. நமக்குக் கிடைத்துள்ள முழுமையான இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மிகப் பழையதாகக் கருதப்படும் ஆயிர மசலா (1572) கேள்வி–விடையாகவே அமைந்தது. மசலா என்றால் கேள்வி, சிக்கல். படைப்பு, மறுமை, இறைவனின் ஆற்றல் எல்லாவற்றையும் பற்றிக் கேட்டு, சபையில் விடை பெறும் இலக்கியம். அரபுக் கலாம் நூல்களும் 'இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்வோம்' என்கிற முறையில் நடப்பவைதான். ஆக, பீர் முகம்மது குறவஞ்சியைக் கையில் எடுத்தபோது அவர் இறையியலைவிட்டு நாட்டுப்பாட்டுக்கு ஓடிவிடவில்லை. இறையியலின் கேள்வி–விடை முறையைச் சிங்கி வாயில் வைத்தார். சபையில் ஆலிம் சொல்ல வேண்டிய விடையை ஒரு குறத்தி சொல்கிறாள் என்பதுதான் அதில் புதுமை. தள்ளியவர்கள் குறத்தியை மட்டும் பார்த்தார்கள்; கொண்டாடியவர்களும் குறத்தியை மட்டுமே பார்த்தார்கள். அவள் சொன்ன விடையைப் பார்த்தவர்கள் குறைவு.

கசாக்கின் இரு பெரியவர்கள்

பீர்மேட்டில் பாட்டு இருக்கிறது, கதை மங்கிவிட்டது. பாலக்காட்டில் நிலைமை தலைகீழ். அங்கே கிடைப்பது கதை. ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' 1969-இல் நூலானது. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள தஸ்ராக் என்ற சிற்றூரே அதன் மூலம். விஜயனின் சகோதரி அங்கே ஓராசிரியர் பள்ளியில் பணியாற்றிய நாட்களில் ஊரை அறிந்தார் அவர். இன்று அங்கே அவருக்கு நினைவகம் இருக்கிறது. யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பில் நாவல் தமிழிலும் கிடைக்கிறது.

கசாக்கின் இராவுத்தர்கள் ஒரு கதையிலிருந்து பிறந்தவர்கள். ஆயிரத்தொரு குதிரைகளோடு வந்த சையது மியான் ஷெய்கு, தாம் ஏறி வந்த கிழட்டு, நோயாளிக் குதிரைக்காகப் படையை நிறுத்தினார். நின்ற இடம் ஊராயிற்று. வெற்றிக்காக அல்ல, ஒரு வாயில்லா ஜீவனுக்காக நின்ற படை! ஒரு சமூகம் தன் தொடக்கத்தை இப்படி நினைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம்.

இந்த ஊரில் இரண்டு பெரியவர்கள். ஓத்துப்பள்ளி நடத்தும் அல்லாப்பிச்சை மொல்லாக்கா. அவரிடம் வளர்ந்து, பிணங்கிப் போய், பிறகு ஷெய்கின் காலியாராகத் திரும்பி வரும் நைஜாமலி. நாவலைப் பற்றிப் பேசுவோர் பலரும் மொல்லாக்காவை வறண்ட மதமாகவும் காலியாரை விடுதலையான ஞானமாகவும் எதிரெதிரே நிறுத்துகிறார்கள். பிரதியைப் பக்குவமாகப் படித்தால் இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

முதலாவது, ஷெய்கின் கதையை ஓத்துப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர் யார்? மொல்லாக்காதான். வேதம் ஓதிக் கொடுக்கும் அதே வாயால்தான் அவர் குதிரைக் கதையையும் சொல்கிறார். அவருக்கு இரண்டும் ஒரே பாடம். அவருடைய பெயரையே பாருங்கள். அல்லாப்பிச்சை! வேண்டிக் கேட்டு இறைவனிடம் பெற்ற பிள்ளைக்கு நம்ம பக்கம் வைக்கும் பெயர். இதில் வறண்ட மதம் எங்கே இருக்கிறது?

இரண்டாவது, நைஜாமலி சூட்டிக்கொள்ளும் பட்டம். 'காலியார்' என்பது 'காளி'யின், அதாவது காஜியின் திரிபு; விஜயன் தாமே செய்த ஆங்கில வடிவத்தில் அவனை 'காஜி' என்றே எழுதுகிறார். காஜி என்றால் நீதிபதி, மார்க்கச் சட்டப்படி தீர்ப்புச் சொல்கிறவர். சட்டத்தைத் தாண்டியவனாக நாம் கொண்டாடும் ஆள் தனக்குத் தேடிக்கொண்டது சட்டத்தின் நாற்காலி! ஊரில் புதுப் பள்ளிக்கூடம் வேண்டுமா வேண்டாமா என்று வழக்கு வரும்போது ஜனங்கள் அவனிடம்தான் தீர்ப்புக் கேட்கிறார்கள். மொல்லாக்கா எதிர்த்த பள்ளியை அவன் ஆதரிக்கிறான். ஆனால் மொல்லாக்கா சொன்னதைப் பொய் என்று தள்ளவில்லை, உண்மைகள் பல என்கிறான். எனவே இவர்களுக்குள் இருப்பது இறைவனைப் பற்றிய சண்டையே அல்ல. ஊருக்கு யார் பேசுவது என்கிற சண்டை. அந்த ஒரு சண்டையைத்தான் நாம் எங்கே பார்த்தாலும் 'சூபியம் எதிர் இறையியல்' என்று பெரிய பெயரிட்டு அழைத்துவிடுகிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகு நாவலின் மேல் எனக்குள்ள குறையையும் சொல்ல வேண்டும். கசாக்கில் இஸ்லாம் கதையாக இருக்கிறது, அச்சமாக இருக்கிறது, அழகாக இருக்கிறது, சிந்தனையாக இல்லை. மொல்லாக்காவுக்குக் கால்புண்ணும் வறுமையும் தோல்வியும் உண்டு. கடைசியில் தாம் எதிர்த்த பள்ளியிலேயே கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்து நிற்கிறார். ஆனால் முப்பது வருஷம் ஓதிக் கொடுத்த மனிதரின் தலைக்குள் இருந்த கேள்விகள் என்ன என்று விஜயன் கேட்கவில்லை. காலியாருக்கும் மர்மம் உண்டு, வாதம் இல்லை. பின்னாளில் 'குருசாகரம்' (1987) எழுதியபோது ஞானம் என்பதைக் குரு–சீட உறவாக விரித்துச் சிந்தித்த அதே எழுத்தாளர், இராவுத்தர்களின் ஷெய்குக்கு அந்த இடத்தைத் தரவில்லை. வெளியிலிருந்து அன்போடு பார்த்தவரின் எல்லை அது.

என்றாலும் பெரிய எழுத்தாளர்கள் அறியாமலேயே சரியான இடத்தைத் தொட்டுவிடுவார்கள். கிணற்றில் விழுந்ததை முங்கி எடுத்துக் கொடுக்கும் முங்ஙாங்கோழி என்ற சுக்ரு ராவுத்தர் நாவலில் வருகிறார். ஒருநாள் அவர் கிணற்றுக்குள் பாய்ந்து, கிணற்றடியையும் கடந்து, உள்ளே, இன்னும் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறார், திரும்பவில்லை. நான் படித்த பக்கங்களிலேயே மறக்க முடியாத பக்கங்களில் ஒன்று. இதைப் படிக்கும்போதெல்லாம் அதே ஆற்றின் கழிமுகத்தில் இருந்த மக்தூமின் உவமை எனக்கு ஞாபகம் வரும். சுக்ரு ராவுத்தரிடம் முங்கும் திறமை இருந்தது, ஆழம் இருந்தது. கப்பல் இல்லை. அவரை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவரும் மொழியும் சபையும் அந்த ஊரில் ஓய்ந்து போயிருந்தன. மொல்லாக்காவின் தோல்வியும் முங்ஙாங்கோழியின் மரணமும் ஒரே இழப்பின் இரண்டு பக்கங்கள் என்றே நான் வாசிக்கிறேன்.

நமக்கு என்ன?

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் கூடி வெளியிடும் மலரில் இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. புதிய ஊரில் பிள்ளைகளுக்கு மார்க்கம் சொல்லிக் கொடுக்க நூல்கள் கிடைக்கின்றன, வகுப்புகள் கிடைக்கின்றன. நல்லதுதான். ஆனால் அவை பெரும்பாலும் பாட்டி பாடிய பாட்டைத் தெரியாதவை. இன்னொரு பக்கம், இசை மேடைகளில் 'சூபி இரவு' என்று அறிவிப்பு வருகிறது. அங்கே பாட்டு உண்டு, அது பேசும் இறைவன் இல்லை. முதலாவது, கரையில் கட்டிய கப்பல். இரண்டாவது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த போலி முத்து.

இவற்றுக்கு நடுவே தொலைவது தமிழ். படைப்பு, இருப்பு, ஒருமை, பணிவு என்று இறைவனைப் பற்றி நுட்பமாக வாதிக்க ஒரு காலத்தில் நெசவாளர் ஒருவரிடம் தமிழ் இருந்தது. குறவஞ்சியில் வைத்து வாதிக்கலாம், இரவு முழுக்கக் கூடியிருந்து பாடிச் சோதிக்கலாம் என்கிற அளவுக்கு அது தழைத்திருந்தது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் வளரும் இராவுத்தர் பிள்ளைகளில் பலர் மலையாளத்தில் படிக்கிறார்கள். வீட்டில் பேசும் தமிழை எழுத்தில் அறியாதவர்கள். மலைக்கு வைத்த பெயர் அவர்களுக்குத் தெரியும், பெயருக்கு உரியவர் பாடியதைப் படிக்க முடியாது.

ஆகவே என்னுடைய வேண்டுகோள் சிறியது. பீர் முகம்மது அப்பாவைச் சித்தர் வரிசையில் மட்டும் வைத்துப் படிக்காமல், கலாம் தெரிந்த ஒரு ஆலிமையும் யாப்புத் தெரிந்த ஒரு தமிழாசிரியரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்க வேண்டும். அரும்பதங்களுக்கு விளக்கமும், மலையாள எழுத்தில் மூலமும் சேர்ந்த ஒரு பதிப்பு வேண்டும். பீர்மேட்டுப் பிள்ளையும் தக்கலைப் பிள்ளையும் ஒரே பக்கத்தைத் திறக்க வேண்டும். ஆலிம் ஓரிடத்தில் மறுப்புச் சொல்லலாம், ஆசிரியர் ஓரிடத்தில் விட்டுக்கொடுக்காமல் நிற்கலாம். நிற்கட்டுமே. சிங்கியும் சிங்கனும் பேசிக்கொண்டது அப்படித்தானே!